லிப்போசக்ஷனா, டம்மி டக்கா? முதலில் வயிற்றைக் கிள்ளிப் பாருங்கள்

லிப்போசக்ஷனையும் டம்மி டக்கையும் ஒரே வேலைக்கான சின்ன வழி, பெரிய வழி என்று நினைப்பவர்கள் அதிகம். லிப்போவில் துளை சின்னது, சீக்கிரம் வீடு திரும்பலாம், செலவும் குறைவு. அதனால் முதலில் அதைச் செய்துகொள்வோம், போதவில்லை என்றால் அப்புறம் டம்மி டக் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. லிப்போசக்ஷன் எடுப்பது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை. டம்மி டக் எடுப்பது தொங்கும் தோலை. கூடவே, விலகிப்போன வயிற்றுத் தசைகளையும் இழுத்துத் தைக்கிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

உங்கள் வயிறு எந்த ரகம் என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். மல்லாந்து படுங்கள். படுத்த பிறகும் வயிறு விம்மியே இருக்கிறது, கிள்ளினால் மெல்லிய மடிப்புதான் கைக்கு வருகிறது என்றால், கொழுப்பு உள்ளே குடலைச் சுற்றி இருக்கிறது. அங்கே லிப்போ குழாய் போகவே போகாது, டம்மி டக்கும் அதைத் தொடாது. நம் ஊர் ஆண்களின் கெட்டியான தொப்பை பெரும்பாலும் இந்த வகைதான். அவர்களுக்கு இந்த இரண்டுமே பதில் இல்லை. சாப்பாடு, நடை, தேவைப்பட்டால் சர்க்கரை டாக்டர், அவ்வளவுதான்.

கிள்ளினால் தடிமனாகச் சதை வருகிறது, விட்டதும் தோல் சட்டென்று பழைய இடத்துக்குப் போகிறது என்றால் லிப்போவுக்கு ஏற்ற வயிறு. முன்னால் குனியும்போது தோல் மடிப்பாகத் தொங்கினால் டம்மி டக் பக்கம் யோசிக்க வேண்டும். இன்னொன்று, படுத்த நிலையில் தலையை மட்டும் தூக்கி, நடுவயிற்றில் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் தெரிந்தால் பிரசவத்தில் தசைகள் விலகியது சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். அங்கே குடலிறக்கமும் இருக்கக்கூடும், அதனால் ஸ்கேன் பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது.

குழாயும் தண்ணீரும்

1970களில் ரோம் நகரில் ஃபிஷர் என்ற அப்பாவும் மகனும் குழாய் வைத்துக் கொழுப்பை உறிஞ்சத் தொடங்கினார்கள். பாரிஸில் இவ் ஜெரார் இல்லூஸ் மழுங்கிய முனைக் குழாயைக் கொண்டுவந்தார். ஆனாலும் ரத்தம் நிறையப் போகும், பலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அதை மாற்றியவர் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன். 1985இல் அவர் உருவாக்கிய டியூமசென்ட் முறைதான் இன்றைய லிப்போவின் அடித்தளம். சலைன் தண்ணீரில் மரத்துப்போக லிடோகெயின், ரத்தக்குழாய்களைச் சுருக்க அட்ரினலின் கலந்து, அந்த இடம் விறைக்கும் வரை உள்ளே ஏற்றுவார்கள். அப்புறம்தான் உறிஞ்சுவார்கள். ரத்த இழப்பு பல மடங்கு குறைந்தது. சின்ன அளவு என்றால் முழு மயக்கம் இல்லாமலே செய்ய முடிந்தது. லிடோகெயின் அளவுக்கு மீறினால் இதயத்தையும் மூளையையும் தாக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்று கிளைன் சொன்ன வரம்பு பின்னர் 55 வரை நீட்டப்பட்டது.

விளம்பரப் பலகைகளில் இப்போது வேசர், லேசர், வாட்டர் ஜெட், பவர் என்று பெயர்கள் அடுக்கப்படுகின்றன. வேசர் அல்ட்ராசவுண்ட் அதிர்வால் கொழுப்பைத் தளர்த்துகிறது. முதுகு, ஆண்களின் மார்பு, ஏற்கெனவே ஒருமுறை லிப்போ செய்து நார் பிடித்த இடம் ஆகியவற்றில் அது கைகொடுக்கும். பவர் லிப்போவில் குழாய் தானே அதிருவதால் சர்ஜனின் கை சோர்வது குறைவு. லேசர் உள்ளே சூடாக்கித் தோலை இறுக்கும் என்கிறார்கள்; கொஞ்சம் இறுகும்தான், அதே சூடு தோலைச் சுடவும் செய்யும். என்னைக் கேட்டால், எந்த மெஷின் என்பதைவிட யார் கை என்பதற்குத்தான் அதிக மதிப்பு கொடுப்பேன். மெஷின் பெயரை மட்டும் சொல்லி, செய்யப்போகும் சர்ஜன் யார் என்று சொல்லாத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

லிப்போ எடை குறைக்கும் சிகிச்சை அல்ல. ஒரே அமர்வில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் அதைப் பெரிய அளவு என்று கணக்கிட்டு, இரவு ஆஸ்பத்திரியில் தங்கவைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். அந்த லிட்டரிலும் ஏற்றிய தண்ணீர் கலந்திருக்கும். இதில் 2004இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு முக்கியமானது. பருமனான 15 பெண்களுக்கு மிகப் பெரிய அளவில் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சினார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலின் வேலை செய்யும் விதம் எதுவுமே மாறவில்லை. சர்க்கரை குறையும் என்று யாராவது லிப்போவை விற்றால் நம்பாதீர்கள். எடுத்த கொழுப்பு ஒரு வருடத்துக்குள் உடம்பின் வேறு பகுதியில் சேர்ந்துவிடுவதையும், உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு அது வயிற்றின் உட்பகுதியில் சேர்வதையும் அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின.

தோல் தளர்ந்த வயிற்றில் லிப்போ மட்டும் செய்தால், பஞ்சை உருவிய தலையணை உறை போல அது இன்னும் தொங்கும். பெரிய தழும்புக்குப் பயந்து லிப்போவைத் தேர்ந்தெடுத்த பிரசவித்த பெண்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

டம்மி டக்கில் என்ன நடக்கிறது

அடிவயிற்றின் கீழே, உள்ளாடை மறைக்கும் பிக்கினி கோட்டில் இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை கீறுவார்கள். பிரேசில் சர்ஜன் இவோ பிட்டாங்கி 1967இல் வெளியிட்ட தாழ்வான கீறல்தான் இன்று பரவலாகப் பின்பற்றப்படும் முறைக்கு வழி. தோலையும் கொழுப்பையும் மார்பெலும்பு வரை தூக்கி, தொப்புளை அதன் காம்போடு அங்கேயே விட்டு, விலகிய தசைகளின் உறையை நடுவில் தைத்து, தோலைக் கீழே இழுத்து மிச்சத்தை வெட்டி எறிவார்கள். தொப்புளுக்குப் புதுத் துளை போடுவார்கள். முழு மயக்கத்தில் இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகும். தொப்புளுக்குக் கீழே மட்டும் தளர்வு என்றால் மினி டக் போதும். எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, ஊசி போட்டோ ஏகப்பட்ட எடை இழந்து, பக்கவாட்டிலும் தோல் மிஞ்சியவர்களுக்கு நடுவயிற்றில் நெடுக்காகவும் ஒரு கீறல் தேவைப்படலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அந்தத் தழும்புக்கு மேலே தோல் ஒரு விளிம்பாக வழிந்து நிற்பதைப் பலர் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே குறுக்காகப் போட்ட சிசேரியன் தழும்பு என்றால் டம்மி டக்கில் வெட்டி எடுக்கும் தோலோடு அதுவும் போய்விடும். பதிலுக்கு அதைவிட நீளமான புதுத் தழும்பு வரும். பழைய தழும்பு தடித்துப் புடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். நம் நிறத்தில் கெலாய்டு, அதாவது தழும்பு அளவுக்கு மீறித் தடித்து வளர்வது, வரும் வாய்ப்பு கூடுதல், உங்கள் தோல் எப்படி ஆறும் என்பதற்கு அந்தத் தழும்பே சாட்சி.

தசையைத் தைப்பது அழகுக்கு மட்டும் என்று ஒதுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 214 பெண்களைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு முதுகுவலியும் சிரித்தால், தும்மினால் சிறுநீர் கசிவதும் நன்றாகக் குறைந்திருந்தன. லிப்போவில் இது கிடைக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு

லிப்போ முடிந்த அன்றே நடக்கலாம். முதல் ஒன்றிரண்டு நாள் துளைகளிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்து படுக்கை நனையும். ஏற்றிய திரவம்தான், ரத்தம் என்று வீட்டில் அலற வேண்டாம். ஒரு வாரத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குத் திரும்பலாம். நீலம் பாரித்தது இரண்டு மூன்று வாரத்தில் மங்கும். இறுக்கமான உடுப்பை நாலிலிருந்து ஆறு வாரம் போட வேண்டும். சென்னை மே மாதத்தில் அது தனித் தண்டனை, முடிந்தால் மார்கழி தை பார்த்துச் செய்துகொள்ளலாம். மூன்றாவது வாரம் அங்கங்கே கட்டியாகத் தட்டுப்படும். சரியான உருவம் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

டம்மி டக் வேறு கதை. முதல் வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது. தலைப்பக்கம் உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத்தான் தூக்கம். பெரும்பாலும் அடிவயிற்றில், உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாய் தொங்கும். தினமும் எத்தனை மில்லி என்று எழுதிவைத்து, நாளுக்கு 30க்குக் கீழே வந்ததும் எடுப்பார்கள். அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். தோலைத் தசையோடு உள்ளுக்குள்ளேயே ஆங்காங்கே தைத்து, ட்ரெயின் இல்லாமல் செய்பவர்களும் உண்டு. இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். மலச்சிக்கல் வராமல் பார்ப்பது பெரிய வேலை, தரையோடு இருக்கும் இந்திய டாய்லெட்டில் உட்காரவே முடியாது. அலுவலகத்துக்கு இரண்டு மூன்று வாரம். ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, அதில் உங்கள் குழந்தையும் அடக்கம். தண்ணீர்க் குடமும் கேஸ் சிலிண்டரும் சொல்லவே வேண்டாம். உதவிக்கு ஆள் இல்லாத வீட்டில் டம்மி டக்கைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

தொப்புளுக்குக் கீழே பல மாதம் மரத்துப் போயிருக்கும். வலிக்கிறதே என்று பாட்டி வைத்தியமாக வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிடாதீர்கள். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

ஆபத்திலும் இரண்டும் ஒன்றல்ல. லிப்போவில் அரிதாகக் குழாய் வயிற்றுக்குள்ளே போய்க் குடலைத் துளைக்கலாம், கொழுப்புத் துகள் நுரையீரலுக்குப் போகலாம். அடிக்கடி வரும் தொல்லை மேடு பள்ளம்தான். டம்மி டக்கில் அடிக்கடி வருவது தோலுக்கு அடியில் நீர் கோர்ப்பது. பயப்பட வேண்டியது காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போவது; அழகு அறுவைகளில் இதற்கு வாய்ப்பு அதிகமுள்ள ஒன்று டம்மி டக். அதனால்தான் வலித்தாலும் முதல் நாளே நடக்கவைக்கிறார்கள். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறைக்கு வந்து அறுவை செய்துகொள்பவர்கள், டிக்கெட் தேதிக்காக அவசரமாக விமானம் ஏறக் கூடாது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இழுத்துத் தைத்த தோல் கருகிப்போகும் ஆபத்து உண்டு. முன்னும் பின்னும் நாலு வாரமாவது நிறுத்தியே ஆக வேண்டும்.

இரண்டையும் சேர்த்தே செய்யும் முறையும் இருக்கிறது. பிரேசில் சர்ஜன் சல்டானா 2001இல் வெளியிட்ட வழியில் லிப்போ செய்துகொண்டே, ரத்தக்குழாய்களை அதிகம் அறுக்காமல் தோலைத் தளர்த்தி இழுக்கிறார்கள். இடுப்பில் சதையும் முன்னால் தோலும் மிஞ்சியவர்களுக்கு இதுதான் என் தேர்வு. தோல் இறுக்கமாக இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு லிப்போ மட்டுமே போதும், டம்மி டக் பேச்சே வேண்டாம். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் டம்மி டக்குக்குக் காத்திருக்கட்டும், தைத்த தசை மறுபடி விலகும். எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். எடை குறைப்பு ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் அதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் பணம். இந்தியாவில் அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. மற்ற சிகிச்சைகளுக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் இதற்கு இல்லை, 18 சதவீதம் கட்ட வேண்டும். எஸ்டிமேட் வாங்கும்போது வரி, மயக்க மருந்து டாக்டர், இறுக்க உடுப்பு, தேவைப்பட்டால் மறுபடி தொட்டுச் சரிசெய்வது எல்லாம் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.