பன்னிரண்டு வருடமாகக் கூடவே இருக்கும் கேசியோ எஃப்எக்ஸ்-991 இஎஸ்

பாலிடெக்னிக் படிக்கும்போது வாங்கிய கால்குலேட்டர் இது. இப்போது மோட்டார், பம்ப்செட் விற்கும் கடையில் என் மேசைமேல் இருக்கிறது. இதில் நான் அதிகம் தொடுவது ஹெச்பியைக் கிலோவாட் ஆக்கும் வசதியைத்தான். 5 அடித்து, ஷிஃப்ட், 8, அப்புறம் இந்த மாற்றத்துக்கான எண் 29, சமக்குறி. 3.7285 என்று வரும். மோட்டார் நேம் பிளேட்டில் 3.7 என்று அடித்திருப்பதும் இதே கணக்குதான். கிலோவாட்டிலிருந்து ஹெச்பிக்குத் திரும்ப 30. இந்த இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம்.

ஆனால் எண் கிடைத்தால் மட்டும் போதாது என்பதை ஒரு செக்கு மோட்டார்தான் புரியவைத்தது. புதிதாக மரச்செக்கு போட்டவரிடம், "5 ஹெச்பி முழு லோடில் ஓடினால் மணிக்கு 3.7 யூனிட் ஆகும்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்தார்.

"தம்பி, மீட்டர்ல நாலுக்கு மேல காட்டுதே?"

நேம் பிளேட்டில் இருப்பது தண்டில் கிடைக்கும் திறன். மின்சாரமாக உள்ளே போவது அதைவிட அதிகம். எஃபிஷியன்ஸி, அதாவது உள்ளே போகும் மின்சாரத்தில் தண்டுக்கு வந்து சேரும் பங்கு, 85 சதவீதம் என்றால் 3.73-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும். மணிக்குக் கிட்டத்தட்ட 4.4 யூனிட். எட்டு மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு 5 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். கரண்ட் பில் கட்டுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. மன்னிப்புக் கேட்டு, கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து 29 அடித்ததும் எஃபிஷியன்ஸியால் வகுக்காமல் யாருக்கும் யூனிட் சொல்வதில்லை.

ஜெனரேட்டர் கேட்டு வருகிறவர்களுக்குக் கேவிஏவை (ஜெனரேட்டரின் அளவைக் குறிக்கும் எண்) 0.8-ஆல் பெருக்கிக் கிலோவாட் சொல்கிறேன். மோட்டாருக்கு எடுத்ததுமே முழு வோல்டேஜையும் கொடுக்கும் நேரடி ஸ்டார்ட்டர் என்றால் மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு வரை ஆம்பியர் இழுக்கும், அதற்கும் இடம் விட்டுத்தான் சைஸ் சொல்ல வேண்டும்.

கால்குலேட்டரில் இருப்பது 745.7 வாட் ஹெச்பி. கார் விவரங்களில் வரும் பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) வேறு, அது 735.5 வாட். 100 பிஎஸ் என்றால் 98.6 ஹெச்பிதான். ஏசி டன்னை 3.517-ஆல் பெருக்குவேன், ஒன்றரை டன்னுக்கு 5.3 கிலோவாட் வரும். அது குளிர்விக்கும் திறன், மின்சாரச் செலவு இல்லை. இதைச் சொன்ன பிறகுதான் பலர் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். 735.5, 3.517 ஆகிய இரண்டு எண்களையும் மூடியின் உள்ளே சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் எல்ஆர்44 பேட்டரி ஒருமுறைதான் மாற்றினேன். 8-ஆம் பட்டனில் எழுத்து தேய்ந்துவிட்டது, அழுத்தினால் இன்னும் சரியாகவே வேலை செய்கிறது.