பழைய மரப்படகுக்குப் பஞ்சா, எப்பொக்சியா?

பழைய மரப் பாய்ப்படகு ஒன்று கைக்கு வந்தால் முதலில் வருகிற சண்டை இதுதான்: பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிப்பதா, இல்லை எப்பொக்சி என்கிற, இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பசையால் மேலே பைபர் துணி ஒட்டி ஒரேயடியாக மூடிவிடுவதா. கொழும்பு மட்டக்குளியில் நண்பன் வீட்டுப் பின்வளவில் நாங்கள் ஐந்து பேர், சனிக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து, இதுவரை இரண்டு படகு திருத்தியிருக்கிறோம். முதலாவது எண்டர்பிரைஸ் வகைப் பிளைவுட் படகு, 1956இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த நீலப்பாய்க்காரி. இரண்டாவது 18 அடி நீளம், தேக்குப் பலகையைப் பக்கம் பக்கமாக வைத்து பலா மர வங்குகளில், அதாவது படகின் விலாச் சட்டங்களில், ஆணியடித்துக் கட்டியது. ஒன்றுக்கு எப்பொக்சி, மற்றதுக்குப் பஞ்சு. இரண்டும் கையால் செய்து பார்த்ததால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடுகிறேன். பைபர் துணி ஒட்டுகிற இன்னொரு பசை, மலிவான பொலியெஸ்டர் ரெசின். முகத்துவாரத்திலும் நீர்கொழும்பிலும் மீன்பிடிப் படகுகள் அதில்தான் வருகின்றன, வேலை தெரிந்த கைகளும் தாராளம், அதனால் "அதையே பூசிவிடு மச்சான்" என்று பத்துப் பேர் சொல்வார்கள். ஆனால் அந்தப் படகுகள் முழுக்க முழுக்க பைபர். பொலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும், மரத்தை ஒழுங்காகப் பிடிக்காது. பழைய மரத்தின் மேல் போட்டால் சில காலத்தில் தோல் உரியத் தொடங்கும், உரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து வெளியேற வழியில்லாமல் நின்று, பளபளப்பான பூச்சுக்குள்ளேயே மரம் உக்கிப் போகும். வேண்டாம்.

எப்பொக்சி அப்படியில்லை, மரத்தை இறுகப் பிடிக்கும். பிளைவுட் படகென்றால் யோசிக்கவே வேண்டாம், எப்பொக்சிதான், ஏனென்றால் ஒட்டுப்பலகை ஈரத்துக்கு அவ்வளவாக விரிவதுமில்லை சுருங்குவதுமில்லை, மேலே போட்ட தோல் அப்படியே இருக்கும். ஆனால் கொழும்புக் காற்று அதற்கு நல்ல எதிரி. மரத்தின் ஈரம் 12 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும், நம்மூரில் சும்மா வைத்திருந்தால் அது இறங்காது. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்த நாளாகப் பார்த்து, மேலே தார்ப்பாய், உள்ளே பல்பு எரியவிட்டு வாரக்கணக்கில் காயவைத்தோம். பூசிய மறுநாள் மேலே மெழுகு போல ஒரு வழவழப்பு படியும். அதைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சுப் போட்டால் இரண்டும் ஒட்டாது.

இன்னொன்று சூடு. ஒரு மத்தியானம் நண்பன் ஒருவன் அரைக் கிலோவை ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் கலக்கி, பிரஷ் தேடப் போய்த் திரும்புவதற்குள் டப்பா புகைந்து நெளிந்துவிட்டது. எப்பொக்சி இறுகும்போது தானே சூடாகும், குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேறாமல் இன்னும் வேகமாக இறுகும். அதனால் காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், கலக்கியதும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். வெளிநாட்டுச் சாமான் என்பதால் வீணாக்கினால் வயிறு எரியும். 2022 மார்ச்சில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனபோது, பாதியில் நின்ற எங்கள் வேலை ஒரு வருடம் அப்படியே கிடந்தது.

சரி, அப்படியானால் பலகைப் படகுக்கும் எப்பொக்சியே போட்டால் என்ன? இந்த இடத்தில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். பலகை தண்ணீரில் ஊறி அகலத்தில் விரியும், கரையில் காய்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு இடுக்கும் மூச்சு விடுவது போல அசைந்துகொண்டே இருக்கும், அதன் மேல் ஒட்டிய விறைப்பான தோல் அந்த இடுக்கு வழியாகவே வெடிக்கும். எல்லா இடுக்கையும் மரச்சீவலால் ஒட்டி அடைத்து முழு உடலையும் ஒரே துண்டாக்கிய பிறகு பைபர் போடுகிறவர்களும் உண்டு, ஆனால் அது திருத்தமல்ல, புதுப்படகு கட்டுகிற அளவு வேலை. கடலில் மரத்தைத் துளைக்கும் புழு தோலுக்குள் வராது என்பது எப்பொக்சியின் பெரிய பலம்தான். நாங்கள் பொல்கொடை ஏரியில் ஓடுவதால் அது எங்களுக்கு அவ்வளவு பெரிய காரணமாகப் படவில்லை. கடலில் நிறுத்துவதானால் செம்பு கலந்த அடிப்பெயின்ட் கட்டாயம்.

கலப்பத்துக்குச் சாமான் குறைவு: பஞ்சுத் திரி, உளி, மரச்சுத்தியல், லின்சீட் ஒயிலில் பிசைந்த மக்கு (புட்டி). பழைய பஞ்சை எடுக்க, உடைந்த அரத்தின் வாலைப் பழுக்கக் காய்ச்சி வளைத்துக் கொக்கி செய்தோம். வெளியே வந்த பஞ்சு மென்று துப்பிய வெற்றிலைச் சக்கை போலக் கறுத்திருந்தது. இடுக்கைத் துப்புரவாக்கி, உள்ளே பெயின்ட் தடவி, பஞ்சைச் சின்னச் சின்ன வளையமாக மடித்துத் திணித்து, திரும்பப் பெயின்ட், அதன் மேல் மக்கு. அடிக்கும்போது சத்தத்தைக் கேட்க வேண்டும். முதலில் மொத்தென்று இருக்கும், பஞ்சு இறுகியதும் சத்தம் கெட்டியாகும், அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பலமாக அடித்தால், பின்னால் மரம் ஊறி விரியும்போது பலகை வங்கை விட்டுக் கிளம்பும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், சுரண்டும்போது முகமூடி போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நண்பர்களை வைத்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எப்பொக்சி நாள் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும், ஒருவன் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. கலப்பத்து அப்படியில்லை, வந்தவன் ஒரு முழம் அடித்துவிட்டுப் போகலாம், பிழைத்தால் அடுத்த கிழமை இழுத்தெடுத்துத் திரும்ப அடிக்கலாம். எப்பொக்சியில் விட்ட பிழையை அரைத்துத்தான் எடுக்க வேண்டும். எனக்குக் கலப்பத்து மேல் தனிப் பிரியம் இருப்பதை மறைக்கவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை பாயில் போய்ச் சேர்ந்தாளே, பைபர் துணி படகுக்கு வராத காலத்து மரக்கலம் அது.

ஆனால் ட்ரெயிலரில் வைத்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை மட்டும் இறக்குகிறவருக்குப் பலகைப் படகு தோதுப்படாது, கரையில் நின்று காய்ந்தே இடுக்கு திறந்துவிடும். அவருக்குப் பிளைவுட்டும் எப்பொக்சியும்தான். பலகைப் படகைத் தண்ணீரிலேயே விட்டு வைக்க இடம் வேண்டும்.

எங்கள் 18 அடியை பெப்ரவரியில் இறக்கினோம். முதல் மாலை தண்ணீர் கணுக்கால் வரை வந்தது, முறை வைத்து இரவு முழுக்க இறைத்தோம். மறுநாள் காலை பாதி குறைந்தது. மூன்றாம் நாள் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன், ஏராவின், அதாவது அடி நடுக்கட்டையின், ஓரமாக ஒரு கோப்பைத் தண்ணீர்தான் கிடந்தது.