"லிங்க் போயிடுச்சுக்கா": வாடகைதாரர் சரிபார்ப்புச் செயலியோடு மூன்று வருஷம்

காவேரிப்பட்டணத்தில் மாடி கட்டி முடித்த என் பள்ளித்தோழி போன வாரம் கேட்டாள். "வாடகைக்கு வர்றவங்கள விசாரிக்க ஒரு ஆப் வச்சிருக்கியே, இப்ப பாதி விலைக்குத் தர்றாங்களாம். வாங்கலாமாடி?" போனில் சொல்ல ஆரம்பித்தேன். குக்கர் நாலு விசில் அடித்தும் முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். செயலியின் பெயர் வேண்டாம், கேட்டவளுக்குத் தெரியும்.

ஓசூர் மத்திகிரி பக்கம் எங்களுக்கு நாலு போர்ஷன். மூன்று வருஷத்தில் 11 பேரை இந்தச் செயலி வழியாகப் பார்த்திருக்கிறேன். ஆதார், நிரந்தர முகவரி, கோர்ட் வழக்கு, பழைய ஓனரிடம் விசாரணை, இவ்வளவும் செய்யும். நாம் பேரும் நம்பரும் போட்டால் வருகிறவர் போனுக்கு ஒரு லிங்க் போகும். அவர் திறந்து, ஓடிபி போட்டு, சம்மதம் கொடுத்த பிறகுதான் அடுத்த வேலை. அது நியாயம்தான். அடுத்தவர் ஜாதகத்தை அவரைக் கேட்காமல் புரட்டக் கூடாது. என் சண்டையெல்லாம் அந்த லிங்க்கின் ஆயுசோடு. 30 நிமிஷம்!

போனும் கையுமாக உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது போதும். எங்கள் தெருவில் டு-லெட் போர்டு பார்த்து வருபவர்களில் பாதிப்பேர் சிப்காட் ஷிஃப்ட்காரர்கள். பல கம்பெனிகளில் கேமரா போனை உள்ளே விடுவதில்லை, கேட்டிலோ லாக்கரிலோ வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒன்றரை மணிக்கு வீட்டைப் பார்த்து "பிடிச்சிருக்குக்கா" என்று ஒரு பையன் பைக்கைக் கிளப்பினால், திரும்பப் போனைத் தொடுவது ராத்திரி பத்தரைக்கு. லிங்க் செத்து எட்டரை மணி நேரம் ஆகியிருக்கும். "லிங்க் போயிடுச்சுக்கா" என்று மெசேஜ் வரும். மறுபடி அனுப்பினால் என் கணக்கில் இன்னொரு சரிபார்ப்பு கழியும். அவன் சம்மதம் கொடுக்கவில்லை, இவர்கள் எதையும் பார்க்கவில்லை, காசு மட்டும் போய்விட்டது. மூன்று தடவை புகார் எழுதினேன். மூன்று தடவையும் ஒரே பதில்தான்: பாதுகாப்புக் காரணம். யாருடைய பாதுகாப்பு என்று நாலாவது தடவை கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை.

அதனால் முதல் வருஷம் நான் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். "உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லிடுங்க, மீதிய நானே போட்டுக்கறேன்." எல்லோரும் சொன்னார்கள். பாலக்கோட்டிலிருந்து வந்த நர்ஸ் பெண்தான் சொல்லவில்லை. "ஓடிபிய யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு பேங்க்ல தினமும் மெசேஜ் அனுப்பறாங்க. நீங்க கேக்கறீங்களேக்கா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

மாடிப்படியில் உட்கார்ந்து லிங்க்கை அவளே திறந்தாள். முழுக்க இங்கிலீஷ். எழுத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாள். நான் பக்கத்தில் நின்று, தேவையே இல்லாமல், துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "இதுல கடன் ஒழுங்கா கட்றோமான்னு காட்டற சிபில் ஸ்கோரும் பாக்கலாம்னு முன்னாடியே டிக் போட்டு வந்திருக்கேக்கா. வீட்டுக்கும் சிபிலுக்கும் என்ன சம்பந்தம்?" அதற்கு முன்னால் அஞ்சு பேர் சார்பாக அந்தப் பச்சைப் பட்டனை அமுக்கியவள் நான். ஒரு தடவைகூடக் கீழே தள்ளிப் பார்த்ததில்லை.

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. எதற்காக எந்தத் தகவல் என்று தெளிவாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கிற வசதி தர வேண்டும். தமிழ் மட்டுமில்லை, எங்கள் மூன்றாவது போர்ஷன் பையன்களின் ஒடியாவும் அதில் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான பிரிவுகளுக்கு 18 மாதம் அவகாசம் வேறு. அதுவரை செயலிக்காரர்கள் இங்கிலீஷிலேயே ஓட்டுவார்கள் போல.

நான் அதுவரை காத்திருக்கவில்லை. ஒரு ஏ4 தாளில் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். என்ன நகல் வாங்குகிறேன் (முதல் 8 எண் மறைத்த மாஸ்க்டு ஆதாரே போதும்), யாருக்குப் போன் செய்வேன், என்ன கேட்பேன், காலி செய்யும்போது நகலைத் திருப்பிக் கொடுப்பேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே "சரி", "வேண்டாம்" என்று இரண்டு கட்டம். செயலியில் "வேண்டாம்" பட்டனே கிடையாது.

அந்த "வேண்டாம்" கட்டம்தான் நான் எதிர்பாராத லாபம். பழைய ஓனரிடம் விசாரிக்க ஒரு பையன் "வேண்டாம்" போட்டான். எனக்கு உடனே சந்தேகம். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "பெயிண்ட் அடிக்கணும்னு அட்வான்ஸ்ல பன்னெண்டாயிரம் பிடிச்சிட்டாருக்கா, சண்டை போட்டுட்டு வந்தேன். அவரு என்னைப் பத்தி நல்லதா சொல்ல மாட்டாரு. பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட கேளுங்க" என்று நம்பரை அவனே எழுதிக் கொடுத்தான். பாட்டி எடுத்ததும், "அவனா? ஒகேனக்கல் தண்ணி வர்ற அன்னிக்கு எனக்கு நாலு குடம் புடிச்சு வச்சிட்டுத்தான் டூட்டிக்குப் போவான்" என்றார். செயலி இதே வேலைக்கு ஒரு வரி தரும்: நடத்தை திருப்திகரம்.

அந்தப் பையன் இரண்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறான். மோட்டார் போட்டால் நிறுத்த மட்டும் மறந்துவிடுவான். அதைப் பாட்டியும் சொல்லவில்லை.

செயலியை ஒரேயடியாகத் திட்டவும் மனசு வரவில்லை. புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் நகல் ஒன்று திருத்தப்பட்டது என்பதை, க்யூஆர் கோடில் இருந்த விவரத்தோடு ஒப்பிட்டுப் பிடித்துக் கொடுத்தது. என் கண்ணுக்கு அது சத்தியமாகத் தெரிந்திருக்காது. ஆனால் கோர்ட் வழக்குத் தேடலை நம்பாதே. மாதேஷ் என்று ஒருவர் வந்தார், அதே பேரில் ஒரு அடிதடி வழக்கைக் கொண்டுவந்து நிறுத்தியது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாதேஷ் என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா பேரை ஒப்பிட்டதும் ஆள் வேறு என்று தெரிந்தது. அந்த ஒப்பிடலையும் நான்தான் செய்தேன்.

இன்னொன்று. செயலி தருகிற வாடகை ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதே. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிற சட்டப்படி, ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் தனியாகப் பதிய வேண்டும். போலீஸ் சரிபார்ப்பு வேண்டுமென்றால் அதற்கும் காவல்துறை இணையதளத்தில் தனி விண்ணப்பம்.

ஆக, நீ வாங்காதே. என் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், கீழே உன் பேரை மாற்றிக்கொள். நான் நேற்று ராத்திரி இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். பாதி விலை, அந்த க்யூஆர் ஞாபகம் வேறு. ஏன் என்று கேட்காதே. முதல் போர்ஷனுக்கு வரப்போகும் ஆளுக்கு மத்தியானமே லிங்க் அனுப்பினேன். மணி இப்போது 10:40. போன் அதிர்கிறது. என்ன மெசேஜ் என்று எடுத்துப் பார்க்காமலே தெரியும்.