கொழிஞ்சாம்பாறையில் ஆங்கில நாவல் டியூஷன்
பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் மகளைச் சேர்த்துவிட்டு, பின்வரிசையில் நானும் உட்கார்ந்துகொண்டேன். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) பாடம். கேரளத்தில் தமிழக எல்லையோர ஊர் என்பதால் டீச்சர் தமிழில்தான் விளக்குகிறார், நடுநடுவே மலையாளம் வரும். பென்னட் வீட்டில் ஐந்து பெண்கள் இருந்தும், சொத்து ஆண்வாரிசுக்கே என்பதால் உறவுக்காரர் காலின்ஸுக்குப் போய்விடும். இதைப் புரியவைத்துவிட்டு அப்புறம்தான் காதலுக்கு வருகிறார். பெண்களின் அம்மா திருமதி பென்னட்டின் கல்யாண அவசரத்தில் நியாயம் இருப்பது அப்போது தெரிகிறது.

34-ஆம் அத்தியாயத்தில் பணக்காரரான டார்சி, பென்னட் வீட்டு இரண்டாவது மகள் எலிசபெத்திடம் முதல் தடவை கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்பது காலின்ஸ் வீட்டு அறைக்குள். 2005 படத்தில் அதையே வெளியே, கொட்டும் மழையில் எடுத்திருக்கிறார்கள். காட்சியைப் போட்டு, உடனே பக்கத்தையும் வாசித்தார். மழை அழகுதான், ஆனால் எனக்கென்னவோ அறைக்குள் நடப்பதுதான் உறைக்கிறது. எழுந்து ஓட வழியில்லையே! மறுநாள் டார்சி கொடுக்கும் நீண்ட கடிதத்தைப் படம் நிறையவே சுருக்கிவிடுகிறது.

குறை? இதே நாவலை வைத்து எடுத்த 1995 பிபிசி டிவி தொடர் ஆறு பகுதி. ஒரு துண்டுகூடக் காட்டவில்லை. ஸ்பீக்கர் கரகரக்கிறது. பரீட்சை நோட்ஸ் மட்டும் போதும் என்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம். ஃபீஸை மாதாமாதம் கட்டலாம்.