என்பார்க்ஸ் மாசாமாசம் நடத்துற நிகழ்ச்சிகள்: பல வருஷமா போய்ட்டு வர்ற எங்க குடும்பத்து அனுபவம்

சிங்கப்பூர் வந்து செட்டில் ஆன நம்ம ஆளுங்கள்ட்ட வீக்கெண்ட் என்ன பண்றீங்கன்னு கேட்டா தேக்கா, முஸ்தபா, பக்கத்துல இருக்க மால், அவ்ளோதான். பார்க்குக்கு போவாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா பிள்ளைங்கள விளையாட விட்டுட்டு பெஞ்சுல உக்காந்து போன பாத்துட்டு வந்துருவாங்க. அந்த பார்க்க நடத்துற என்பார்க்ஸ், அதாவது தேசியப் பூங்காக் கழகம், மாசாமாசம் எவ்ளோ நிகழ்ச்சி வைக்கிறாங்கன்னு முக்காவாசி பேருக்கு தெரியவே தெரியாது, அதுக்காகத்தான் இத எழுதுறேன். நாங்க பெடோக் பக்கம் இருக்கோம், பெரியவ தொடக்கப்பள்ளி சேர்ந்த வருஷத்துலருந்து போய்ட்டு இருக்கோம், இப்ப அவ உயர்நிலைப்பள்ளி.

முதல்ல யாரு எத பாத்துக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா தப்பான இடத்துல தேடிட்டு இருப்பீங்க. முன்னாடி பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் டிபார்ட்மெண்ட்னு அரசாங்கத்துல ஒண்ணு இருந்துச்சு, அத 1996ல என்பார்க்ஸோட சேத்துட்டாங்க. நீச்சல், பேட்மிண்டன், ஜிம் எல்லாம் ஆக்டிவ்எஸ்ஜிங்கிற விளையாட்டு அமைப்பு பக்கம். டான்ஸ் கிளாஸ், சமையல் கிளாஸ் மாதிரி எல்லாம் சமூக மன்றம். மரம், பறவை, கடற்கரை, தோட்டம், கேம்பிங், பார்பிக்யூ குழி இதெல்லாம் என்பார்க்ஸ்.

நான் இத்தன வருஷம் போனதுல புரிஞ்சுக்கிட்டது, இந்த ஊர்ல கடற்கரை நிகழ்ச்சிய முடிவு பண்றது கடல்தான். உதாரணத்துக்கு புலாவ் உபின் தீவுல செக் ஜாவா. அங்க கடல்புல், நட்சத்திர மீன், நண்டு எல்லாம் பாக்கணும்னா தண்ணி நல்லா வத்தணும், அலைமட்டம் அரை மீட்டருக்கு கீழ போகணும், இல்லன்னா வெறும் தண்ணியதான் பாத்துட்டு வருவீங்க. அப்படி நல்லா வத்துறது அமாவாசை பௌர்ணமிய ஒட்டி வர்ற நாள்ல. எங்க வீட்ல மாட்டியிருக்க தினசரி காலண்டர்ல அமாவாசை எப்பன்னு பாத்துட்டு அப்புறம் அலை அட்டவணைய பாப்பேன், ரெண்டும் ஒத்துப்போகும். இன்னொண்ணு, வருஷத்தோட நடுவுல அந்த வத்தல் விடிய முன்னாடி இல்ல விடிகாலைல வரும், வருஷக் கடைசில சாயங்காலத்துக்கு வரும், அதனால நவம்பர் டிசம்பர் லீவ்ல சின்னப் பிள்ளைங்கள கூட்டிட்டு போறது ரொம்ப ஈசி, ஜூன் லீவ்ல போகணும்னா பிள்ளைங்கள இருட்டுல எழுப்பணும்.

செக் ஜாவாவோட கதையும் பிள்ளைங்களுக்கு சொல்ல வேண்டிய கதை. அந்த இடத்த தூத்து நிலமாக்க திட்டம் இருந்துச்சு, 2001ல இயற்கை ஆர்வலருங்களும் பொதுமக்களும் போய் அங்க என்னென்ன உயிர் இருக்குன்னு எடுத்து காட்டினதுக்கு அப்புறம் அரசாங்கம் அத தள்ளி வச்சிருச்சு. 2007ல நடைபாலம் போட்டு தெறந்தாங்க, ஒரு கிலோமீட்டருக்கு மேல நடக்கலாம், ஜெஜாவின்னு சுமார் 20 மீட்டர் உயர டவரும் இருக்கு. போறதுக்கு சாங்கி பாயிண்ட்ல பம்போட் ஏறணும், 12 பேர் சேர்ந்தாதான் படகு கெளம்பும், காச கையில வச்சுக்கோங்க.

ஆனா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது பாசிர் ரிஸ் பார்க் சதுப்புநிலக் காடு. 6 ஹெக்டேர்தான், எம்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன்லருந்து நடந்தே போயிரலாம், பிள்ளைங்கள வச்சு தள்ளுற ஸ்டிராலர் எல்லாம் போகும். வழிகாட்டியோட நடக்குற நிகழ்ச்சி இருக்க நாளா பாத்து போங்க, தனியா போனா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும், வழிகாட்டி கூட போனா ஒன்றரை மணி நேரம் பத்தாது. எங்களுக்கு வந்த தொண்டூழியர் ரிட்டயர் ஆன ஒரு சீன அங்கிள். ஒரு மரத்துகிட்ட நிப்பாட்டி இலைய கிட்டத்துல பாக்கச் சொன்னாரு, மேல பொடிப்பொடியா வெள்ளையா இருந்துச்சு, விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்தா உப்பு. நம்மூர் பிச்சாவரத்துல இருக்கே அலையாத்தி, அந்த குடும்பம்தான், வேர்ல எடுக்குற உப்ப இலை வழியா வெளிய தள்ளிருதாம். அப்புறம் சேத்துல அங்கங்க முழங்கால் உயரத்துக்கு மண் மேடு, நாங்க யாரோ குவிச்சு வச்சிருக்காங்கன்னு நெனச்சோம், அது உள்ள இருக்க சேத்து லாப்ஸ்டர் ராத்திரில மண்ண தள்ளித் தள்ளி கட்டுன மேடு. என் சின்னவன் அன்னைலருந்து எந்த சேத்த பாத்தாலும் மேடு இருக்கான்னு தேடுறான்.

அந்த நடைக்கு ஒரு தடவ மாமியாரும் வந்தாங்க, நாகப்பட்டினம் அவங்களுக்கு. இங்கிலீஷ்ல பேசுறாங்களே அவங்களுக்கு போரடிக்குமேன்னு எனக்கு உள்ளுக்குள்ள கவலை. கடற்கரை ஓரமா வந்ததும் சட்டுன்னு நின்னு, "மாப்ளே, இது நம்ம பூவரசுல்ல?"ன்னாங்க. பூவரசேதான். கொஞ்சம் தள்ளி புன்னை, அதுக்கப்புறம் தாழை. அங்கிள் மரத்தோட மலாய் பேரு சொல்ல சொல்ல இவங்க தமிழ் பேரு சொல்ல, நான் நடுவுல மொழிபெயர்த்துட்டு நின்னேன். பூவரச இலைல பீப்பி செஞ்சு ஊதுவோம்னு சொன்னாங்க, பார்க்ல இலை பறிக்கக்கூடாதுல்ல, அதனால வெறும் கையாலயே இலைய சுருட்டுற மாதிரி சுருட்டி, நுனிய நசுக்கி, வாயில வச்சு எப்படி ஊதணும்னு காட்டினாங்க, கூட வந்த சீனப் பிள்ளைங்க மலாய்ப் பிள்ளைங்க எல்லாம் அதே மாதிரி வெறுங்கைய சுருட்டிட்டு நிக்குதுங்க. ஊருக்கு திரும்பிப் போய் எல்லார்ட்டயும் சிங்கப்பூர்ல நான் பாத்தது நம்ம பூவரசுன்னுதான் சொன்னாங்களாம்.

சுங்கை பூலோ சதுப்புநிலம் செக் ஜாவாவுக்கு நேரெதிர். அங்க தண்ணி ஏறுற நேரத்துல போகணும். செப்டம்பர்லருந்து மார்ச் வரைக்கும் சைபீரியா மாதிரி வடக்கு பக்கத்துலருந்து கடற்கரைப் பறவைங்க வரும், வெளிய சேறு தெரியுற வரைக்கும் அங்க மேஞ்சிட்டு இருக்கும், தண்ணி ஏறி சேறு முழுகினதும் உள்ள இருக்க பழைய இறால் பண்ணைக் குளங்களுக்கு வந்து கூட்டமா ஒக்காரும். மதகு வச்சு குளத்துத் தண்ணிய கூட்டிக் கொறச்சு அதுங்களுக்குன்னே மேடு தெரியுற மாதிரி பாத்துக்குறாங்க. 1993ல நேச்சர் பார்க்கா தெறந்தது, 2002லருந்து சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். முதலை இருக்கு, நெஜ முதலை, போர்டு வச்சிருக்க இடத்துல பிள்ளைங்க கைய விடாதீங்க.

பொட்டானிக் கார்டன்ஸ்ல சனிக்கிழமை இலவச டூர், வாரத்துக்கு ஒரு தலைப்பு மாறும், கால் மணி நேரம் முன்னாடி கவுண்டர்ல பேர் குடுத்தா போதும். எனக்கு மழைக்காட்டு டூர்தான் பிடிச்சது, மத்தது சுமார். ஏரி மேடைல இலவச கச்சேரி இருக்க நாள்ல பாய் எடுத்துட்டு சீக்கிரமே போங்க.

தோட்டத்து விஷயம் தனியா சொல்லணும். 2020ல சர்க்யூட் பிரேக்கர், அதாவது கொரோனா ஊரடங்கு, முடிஞ்ச கையோட என்பார்க்ஸ் 4,00,000 வீடுகளுக்கு இலவசமா விதை பாக்கெட் அனுப்புச்சு, எங்க வீட்டுக்கும் வந்துச்சு. காரிடார்ல தொட்டி வச்சு கீரை போட்டதுல என் மனைவிக்கு ஆரம்பிச்சது இன்னும் விடல. ஹார்ட்பார்க்ங்கிற தோட்டக்கலைப் பூங்காவுல கார்டனர்ஸ் டே அவுட்னு மாசத்துல ஒரு சனிக்கிழமை வைப்பாங்க, செடி, உரம், மண் விக்கிறவங்களும் வருவாங்க, சொல்லிக் குடுக்குறவங்களும் இருப்பாங்க, வெண்டைல மாவுப்பூச்சின்னா போட்டோ எடுத்துட்டுப் போய் காட்டி கேக்கலாம். வீட்ல இடமே இல்லன்னா பார்க்ல வாடகைக்கு குடுக்குற அலாட்மெண்ட் பாத்தி இருக்கு, 2.5 மீட்டருக்கு 1 மீட்டர், நாங்க பாத்தப்ப வருஷத்துக்கு 57 சிங்கப்பூர் வெள்ளி, ஜிஎஸ்டி தனி. குலுக்கல்லதான் கிடைக்கும், கிடைக்கலன்னா மனசு விட்டுறாம அடுத்த தடவையும் போடுங்க, அதுக்குள்ள உங்க பிளாக் கீழ சமூகத் தோட்டம் இருக்கான்னு பாத்து அங்க இருக்க பெரியவங்க கூட சேர்ந்துக்கோங்க. கறிவேப்பிலை இருக்க தோட்டமா பாத்தா அங்க நம்ம ஆளு ஒருத்தர் கண்டிப்பா இருப்பாரு.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க் எங்க வீட்டு வாசல் மாதிரி. 15 கிலோமீட்டர் நீளம், மொத்தமும் கடல தூத்து எடுத்த நிலம். கூடாரம் போட பெர்மிட் இலவசம்தான், ஆனா வாங்கித்தான் ஆகணும், குறிச்ச இடத்துலதான் போடணும், ராத்திரி அதிகாரிங்க வந்து கேப்பாங்க. 2024 ஜூன் 14ந் தேதி பாசிர் பாஞ்சாங்ல ஒரு மண்வாரிக் கப்பல் எண்ணெய்க் கப்பல்ல மோதி சுமார் 400 டன் எண்ணெய் கடல்ல கொட்டுச்சே, அப்ப இந்த கடற்கரை கருப்பா கெடந்தத பாத்து வீட்ல எல்லாருக்கும் மனசே ஆறல. ஆளுங்க வெள்ளை சூட் போட்டுக்கிட்டு எண்ணெய் கலந்த மண்ண வாரி வாரி பையில கட்டிட்டு இருந்தாங்க. வாராவாரம் போற இடமா இருந்ததாலதான் அது செய்தியா தெரியாம சொந்த வீட்டு விஷயமா வலிச்சது. அதுக்கப்புறம்தான் என் மக வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஏப்ரல்லயும் நவம்பர்லயும் நடக்குற பறவைக் கணக்கெடுப்புல சேர்ந்தா. முன்கூட்டியே பயிற்சி குடுக்குறாங்க, அப்புறம் நமக்கு குடுத்த பார்க்ல அரை மணி நேரம் நின்னு கண்ணுல பட்டது காதுல விழுந்தது எல்லாத்தையும் எழுதணும். மாங்குயில் சத்தம் இப்ப அவளுக்கு கண்ண மூடிட்டே தெரியும்.

குறைன்னு பாத்தா, நல்ல நடைங்களுக்கு இடம் ரொம்ப சீக்கிரம் நிரம்பிரும், மாசக் கடைசிலயே அடுத்த மாசத்து லிஸ்ட பாத்து வைங்க. ஷிஃப்ட் வேலை பாக்குறவங்களுக்கு சனி ஞாயிறு காலை நேரம் சுத்தமா ஒத்து வராது, வார நாள் சாயங்கால நடை இன்னும் நெறைய வைக்கலாம். தமிழ்ல வழிகாட்டி நடைங்க நெறைய வந்தா ஊர்லருந்து வர்ற பெரியவங்களுக்கு எவ்ளோ நல்லாருக்கும், அதனால தமிழ் தெரிஞ்சவங்க தொண்டூழியரா சேரணும், நான் பேர் குடுத்திருக்கேன்.

போறப்ப செருப்பு வேண்டாம், முழு ஷூ. சதுப்புநிலத்துக்கு முழு பேண்ட், கொசு மருந்து. மின்னல் எச்சரிக்கை வந்தா நடைய நிறுத்தி ஷெல்டர்ல உக்கார வச்சிருவாங்க, அப்புறம் விட்டாதான் போகலாம், சில சமயம் கேன்சலும் ஆகும், அதனால அன்னைக்கு மத்தியானம் வேற எங்கயும் வர்றேன்னு யாருக்கும் வாக்கு குடுத்துறாதீங்க.