தண்ணீர்ச் சாயமா, ஸ்பிரிட் சாயமா? மேலே எந்தச் சீலர்?

கொழும்பு பழைய சோனகத் தெருவில் மரச்சாயம் வாங்கப் போகும்போது, "பிரஷ்ஷால பூசுறீங்களா, ஸ்பிரே கன் அடிக்கிறீங்களா?" என்று கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். எந்தச் சாயம் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் கேள்விதான்.

ஸ்பிரிட் சாயம் பூசிய கையோடு காய்ந்துவிடும். கன் வைத்திருக்கும் பட்டறைக்கு அது வசதி. பிரஷ்ஷோடு வீட்டில் இறங்கினால் தலையிடி: முதல் இழுப்பு காய்ந்தபின் அடுத்தது அதன்மேல் ஏறி, இரண்டும் சேரும் இடமெல்லாம் கறுத்த கோடு விழும். மேசைப் பலகையில் அதை மறைக்க முடியாது.

தண்ணீர்ச் சாயம் மெதுவாகக் காயும். தாராளமாக நனைத்து, பரப்பி, மிஞ்சியதைத் துடைத்தெடுக்க நேரம் கிடைக்கும். ஆனால் மரத்தின் நார் எழும்பிச் சொரசொரக்கும். அதனால் முதலிலேயே ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 220ஆம் நம்பர் சாண்ட் பேப்பரை லேசாக ஓட்டிவிடுங்கள். பலகையின் வெட்டுமுகம் சாயத்தை அதிகம் குடித்துக் கறுக்கும். அங்கே மட்டும் 320 வரை தேய்த்தால் கொஞ்சம் அடங்கும். பசை வழிந்து காய்ந்த இடத்தைச் சுரண்டாவிட்டால் எந்தச் சாயமும் பிடிக்காது, வெளிறிய திட்டாகவே நிற்கும்.

டின்னில் வரும் நிறத்தூள் ஸ்டெய்ன் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் கடும் நிறம் வேண்டுமென்று அள்ளிப் பூசினால் மரத்தின் ரேகை மூடிப்போகும்.

சாயத்தை அடைத்துப் பிடிக்க அதன்மேல் பூசும் சீலருக்குக் கணக்கு ஒன்றுதான்: சாயம் எதில் கரைந்ததோ, அதே திரவத்தில் கரைந்த சீலரை அதன்மேல் பிரஷ்ஷால் இழுக்கக் கூடாது. ஸ்பிரிட் சாயத்தின்மேல், ஸ்பிரிட்டிலேயே கரைந்த அரக்குப் பூச்சான ஷெல்லாக்கைப் பூசினால் நிறம் பிரஷ்ஷோடு வந்துவிடும். தண்ணீர்ச் சாயத்தின்மேல் வோட்டர் பேஸ் வார்னிஷை நேரே பூசினாலும் அதே கதிதான். என் தெரிவு: தண்ணீர்ச் சாயம், அப்புறம் மெழுகு நீக்கிய ஷெல்லாக், அதன்மேல் பொலியூரித்தேன் வார்னிஷ். மெழுகுள்ள ஷெல்லாக் என்றால் பொலியூரித்தேன் சரியாக ஒட்டாது. தேய்க்க இலகுவாக ஸ்டியரேட் என்ற சோப்பு மாதிரிப் பொருள் சேர்த்த சாண்டிங் சீலரிலும் இதே பிரச்சினை. அது என்சி லெக்கர் என்ற, தின்னரில் கரைந்த நைட்ரோசெலுலோஸ் பூச்சுக்குத்தான் பொருத்தம்.

அந்த என்சி லெக்கர் வேகமாகக் காயும், சரி. ஆனால் கொழும்பு மழையில் அதை அடித்துப் பாருங்கள்! தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் படிந்து பாலாய் வெளுக்கும். ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலந்தால் குறையும். மழை விட்டபின் அடிப்பது இன்னும் நல்லது. சூடான தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் மேசைக்குப் பொலியூரித்தேனே உறுதி.

அதிலும் எண்ணெய்ப் பொலியூரித்தேன் மஞ்சளோடும். மகோகனி நிறத்துக்கு அது அழகு. இப்போது வெள்ளவத்தை ஃபிளட்டுகளில் பலர் கேட்கும் சாம்பல் நிறத்தைப் பச்சைப் பக்கம் இழுத்துவிடும். அங்கே வெளிர் ஷெல்லாக்கும், அதன்மேல் வோட்டர் பேஸ் பொலியூரித்தேனும் போடுங்கள்.