பேலை அறுத்துக் கொட்டிய மதியம்: மறுசுழற்சித் துறையினரின் வட்டாரச் சந்திப்பு எப்படி இருந்தது?

மறுசுழற்சி, குப்பைக் குறைப்பு, உரம் தயாரிப்பு என்று இந்த வேலையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் எங்கள் வட்டாரச் சந்திப்புக்கு இந்த முறைதான் முதல்தடவையாகப் போனேன். இரண்டு நாள். போகலாமா, கட்டிய பணத்துக்குத் தகுமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உலர் கழிவைத் தரம் பிரிக்கும் ஒரு சிறிய கூடத்தை ஆறு வருடமாகக் கவனித்துக்கொள்கிறேன். அதனால் கொள்கை பேசுகிறவர்களின் கண்ணுக்குப் பட்டது வேறாக இருக்கலாம், நான் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் அரங்கத்துக்குள் நடப்பதற்காக அல்ல, அதன் பின்னால் இருந்த கொட்டகையில் நடந்ததற்காக.

முதல் நாள் மதியம் அந்தக் கொட்டகையில் பெரிய தார்ப்பாயை விரித்து, அதன் நடுவில் ஒரு பெட் பாட்டில் பேலை (தண்ணீரும் குளிர்பானமும் வரும் தெளிவான பிளாஸ்டிக் பாட்டில்களை அமுக்கிக் கம்பியால் கட்டிய பெரிய கட்டு) வைத்திருந்தார்கள். எங்கள் வட்டாரத்துக் கூடம் ஒன்றிலிருந்து வந்ததுதான், யாருடையது என்று சொல்லவில்லை, அது நல்ல முடிவு. எல்லாருக்கும் கையுறை கொடுத்தார்கள். கட்டுக்கம்பியை ஒவ்வொன்றாக வெட்டியதும் பேல் சரிந்து விழும் என்று நினைத்தேன், விழவில்லை. நசுங்கிப் போயிருந்த பாட்டில்கள் மெதுவாகப் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்ப்பதுபோல் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டே பேல் ஓரங்களில் உப்பியது, அந்தச் சத்தம் அடங்கவே சில நிமிடம் ஆனது. அப்புறம் முப்பது பேரும் குனிந்து உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தோம். பாட்டிலை வாங்கித் துண்டாக அரைத்துக் கழுவி விற்கும் ஆலை ஒன்றில் சரக்கு வாங்குகிறவர் பக்கத்தில் நின்று, நாங்கள் எடுத்து நீட்டும் ஒவ்வொன்றுக்கும் இது வேண்டும், இது வேண்டாம், ஏன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆறு வருடத்தில் நான் கற்றுக்கொள்ளாததை அந்த ஒன்றரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டேன். பெட் பாட்டிலோடு பிவிசி (குழாய் செய்யும் பிளாஸ்டிக்) பாட்டில் கலந்துவிட்டால் சரக்குத் திரும்பி வரும் என்பது தெரியும், இரண்டும் பார்க்க ஒன்றுபோலத் தெளிவாக இருக்கும் என்பதும் தெரியும். எப்படிப் பிரிப்பது என்றுதான் தெரியாது. அவர் ஒரு பாட்டிலைக் கவிழ்த்து அடிப்பாகத்தைக் காட்டினார். நட்டநடுவில் சின்னப் பொட்டுபோல ஒரு மேடு இருந்தது. அது பெட். இன்னொன்றைக் கவிழ்த்தார், பொட்டு இல்லை, அடியின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. அது வேறு முறையில் ஊதிச் செய்த பாட்டில், பிவிசியாக இருக்கலாம், எதுவானாலும் இந்தப் பேலில் சேரக் கூடாது. அந்தப் பாட்டிலை மடக்கிக் காட்டினார், மடிப்பு விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு விழுந்தது, பிவிசிக்கு அதுவும் ஓர் அடையாளமாம்.

இந்த அளவுக்கு ஏன் பயப்படுகிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆலையில் துண்டுகளைத் தண்ணீரில் போட்டால் பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் மூடிகள் மிதந்துவிடும், ஏனென்றால் அவை தண்ணீரைவிட லேசானவை. பெட் மூழ்கும். பிவிசியும் மூழ்கும். ஆக தண்ணீர்த் தொட்டி இந்த இரண்டையும் பிரித்துக் கொடுக்காது. பெட் உருக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டை பிவிசி தாங்காது, சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அது பெட்டையும் கெடுத்து, இயந்திரத்தையும் அரித்து, சரக்கில் மஞ்சளும் கறுப்புப் புள்ளியுமாக வந்து நிற்கும். ஒரு கைப்பிடி பிவிசி செய்கிற வேலை இது.

பேலுக்குள் இன்னும் என்னென்னவோ இருந்தது. பாதி குடித்து மூடி வைத்த பாட்டில்கள் (நாம் தண்ணீரை எடை போட்டு விற்கிறோம், வாங்குகிறவர் அதைக் கழித்துக்கொள்கிறார்), கழுத்திலிருந்து அடி வரை முழுக்க உறை சுற்றிய பாட்டில்கள், அடுக்கடுக்காக ஒட்டிய பளபளப்பான பொட்டலங்கள். பாட்டிலின் அடியிலிருக்கும் முக்கோணமும் எண்ணும் 1988இல் வந்தவை. அது பிளாஸ்டிக்கின் ரகத்தைச் சொல்லும் குறி, இதை மறுசுழற்சி செய்வார்கள் என்ற வாக்குறுதி கிடையாது. மறுசுழற்சிக்கான அம்புக்குறிச் சின்னம் அதற்கும் முன்பே, 1970இல், கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தது. இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் வந்த குழப்பத்தைத் தீர்க்க 2013இல் ரகக் குறியீட்டிலிருந்து அம்பை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள், ஆனால் பழைய அச்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அந்தப் பேலில் நான் கையில் எடுத்த பாட்டில் பலவற்றில் அம்புதான் இருந்தது.

சரி, அரங்கத்துக்கு வருகிறேன். முதல் நாள் காலை முழுவதும் உரைகள். பெரும்பாலானவை திரையில் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தவை. பிளாஸ்டிக் மாசைத் தடுக்க உலக நாடுகள் பேசிவரும் ஒப்பந்தம் பற்றி ஒருவர் பேசினார், 2024 டிசம்பரில் தென்கொரியாவின் பூசானிலும் 2025 ஆகஸ்ட்டில் ஜெனிவாவிலும் பேச்சுவார்த்தை முடிவில்லாமல் கலைந்ததைச் சொன்னார், அதற்கு மேல் நமக்குச் செய்ய எதுவும் சொல்லவில்லை.

ஒரே ஒரு உரை மட்டும் மனதில் நின்றது. பல வருடம் பழைய காகிதத்தைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்துவந்த ஒரு வியாபாரி, 2018இல் சீனா கதவைச் சாத்தியபோது என்ன நடந்தது என்பதைத் தன் கிடங்கின் கதையாகவே சொன்னார். கலப்படம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வந்தபோது அதைத் தொடக்கூடிய சரக்கு தன்னிடம் ஒரு பேல்கூட இல்லை என்றார். கிடங்கு நிரம்பி, வெளியே அடுக்கி, மழையில் நனைந்து காகிதம் கூழாகிப் போனதாம். அடுத்து எல்லாரும் மற்ற நாடுகளுக்கு அனுப்பப் பார்த்தார்கள், அந்த நாடுகளும் கட்டுப்பாடு போட்டன, 2021 ஜனவரியிலிருந்து கலப்பு பிளாஸ்டிக் கழிவை அனுப்ப வாங்கும் நாட்டின் முன் அனுமதி வேண்டும் என்று, கழிவை நாடுவிட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையிலேயே சேர்த்துவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகு, பிரிக்கிறவர்கள் முன்னால் சரக்கை நகர்த்திக் கொண்டுபோகும் தன் பெல்ட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பிரிக்கிறவர்களைக் கூட்டிப் பிழைத்தார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன், ஏனென்றால் பெல்ட்டை வேகமாக ஓட்டினால் லாபம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

இயந்திரக் கண்காட்சி சுமார்தான், ஆனாலும் சுற்றிப் பார்க்கலாம். சுழலும் காந்தப்புலத்தை வைத்து அலுமினியத்தைப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். காந்தத்தில் ஒட்டாத அலுமினிய டின் பெல்ட்டின் முனைக்கு வந்ததும் யாரோ சுண்டிவிட்டதுபோல் தாவிப் போய்த் தனித் தொட்டியில் விழுகிறது, எத்தனை முறை பார்த்தாலும் சலிக்கவில்லை. தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிடப் பழைய அலுமினியத்தை உருக்க ஆற்றல் சுமார் 95 சதவீதம் குறைவு, ஆகவே தப்பிப்போகும் ஒவ்வொரு டின்னும் நஷ்டம்தான். ஒளியால் பிரிக்கும் இயந்திரக் கடையில் நான் ஒரு கறுப்புத் தட்டைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னேன். கண்டுபிடிக்கவில்லை. கறுப்பு நிறத்துக்குச் சேர்க்கும் கரி அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், திரும்பி வர ஒளி இருக்காது என்று அந்த விற்பனையாளர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு என் மதிப்பெண் உண்டு.

இரண்டாம் நாள் காலையில் தீயணைப்புத் துறையைச் சேர்ந்த ஒருவர் நடத்திய பேட்டரி வகுப்பைத் தவறவிடக் கூடாது. மேசையில் பொருட்களைப் பரப்பி வைத்து, இதில் எதில் பேட்டரி இருக்கிறது என்று கேட்டார். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, நடந்தால் மினுக்கும் குழந்தைச் செருப்பு, மின் சிகரெட், காதில் மாட்டும் இயர்பட்ஸ். எல்லாவற்றிலும் இருந்தது. லித்தியம் பேட்டரி அமுக்கும் இயந்திரத்தில் மாட்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்து இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும், சூடு ஏறும், ஒரு செல் எரிந்து பக்கத்துச் செல்லையும் இழுக்கும், அணைந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகும் மறுபடி பற்றும். காகிதக் குவியலுக்கு நடுவில் இது நடந்தால் கூடமே போய்விடும். முனைகளில் டேப் ஒட்டுவது, உப்பிய பேட்டரியைத் தனியாகக் கட்டடத்துக்கு வெளியே வைப்பது, பேல் போடுவதற்கு முன் ஒரு ஆளைப் பேட்டரிக்காக மட்டுமே நிறுத்துவது என்று மூன்று விஷயம் சொன்னார். ஊர் திரும்பிய மறுநாளே மூன்றையும் ஆரம்பித்துவிட்டேன்.

உரக்காரர்களின் வகுப்பும் நன்றாக இருந்தது. பேச்சைக் குறைத்து உரத்தை அள்ளிக் கையில் கொடுத்தார்கள். இறுக்கிப் பிடித்தால் விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் ஈரம் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் ஈரம் போதாது. நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம், புரட்டிப் போட்டு உலர்ந்த இலையோ மரத்தூளோ சேர்க்க வேண்டும்.

இனி குறை. பெரியது ஒன்று, சின்னது ஒன்று.

சின்னது இது. முதல் நாள் எஃகு டம்ளர், குடிநீர்த் தொட்டி, உறையில்லாத காகித அடையாள அட்டை என்று எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் நாள் டம்ளர் பற்றாமல் போய், மட்கும் பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து வைத்துவிட்டார்கள். உர வகுப்பு நடத்தியவர்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பெரிய உரக்கூடத்தின் தொடர்ச்சியான சூட்டில்தான் இது மட்கும், என் குவியலில் வந்தால் நான் பொறுக்கி வெளியே எறிவேன் என்றார். கண்காட்சிக் கடைகளில் கொடுத்த பிளாஸ்டிக் பூசிய விளம்பரத் தாள்களும் அப்படித்தான். அடுத்த முறை டம்ளர் கழுவ இரண்டு பேரைக் கூடுதலாகப் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம்.

பெரியது இது. குப்பையைக் குறைப்பது பற்றிய அமர்வை இரண்டாம் நாள் கடைசியில் போட்டார்கள், பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். 1979இல் நெதர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆட் லான்சிங்க், குப்பையை எந்த முறையில் முதலில் கையாள வேண்டும் என்று முன்வைத்த படிவரிசையில் முதல் படியே குப்பை வராமல் தடுப்பதுதான், மறுசுழற்சி அதற்குக் கீழே. 2015 வரை உலகத்தில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சியானது என்று 2017இல் வந்த ஆய்வு சொன்னதை அரங்கத்தில் மூன்று பேர் மேற்கோள் காட்டினார்கள். அப்படியானால் குறைக்கிறவர்களை முதலில் அல்லவா பேச வைக்க வேண்டும்? திரும்பக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரச் சேவை நடத்தும் ஒருவர் அந்தக் கடைசி அமர்வில் அவ்வளவு அருமையாகப் பேசினார். கழுவுவதைவிட உலர்த்துவதுதான் கஷ்டம், எஃகு சூட்டைப் பிடித்து வைத்துத் தானே உலர்ந்துவிடும், பிளாஸ்டிக் ஈரமாகவே நிற்கும், அதை அப்படியே அடுக்கினால் வாடை வந்துவிடும் என்று தன் கையால் பட்டதைச் சொன்னார். கேட்க இருபது பேர்கூட இல்லை.

இன்னொன்றையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். இரண்டு நாளும் மேடையில் ஏறிய ஒருவர்கூட பெல்ட்டில் நின்று பிரிக்கிறவர் இல்லை. குப்பை பொறுக்குகிறவர்களைப் பற்றிப் பேசினார்கள், அவர்கள் பேசவில்லை. நிறைகுறை எழுதச் சொல்லிக் கொடுத்த படிவத்தில் நான் இதைத்தான் எழுதினேன், பின்பக்கமும் நிரம்பிவிட்டது.

போகிறவர்களுக்கு: பழைய சட்டையும் மூடிய காலணியும் எடுத்துப் போங்கள், கொட்டகையில் உட்கார வேண்டியிருக்கும். முதல் நாள் காலை தாமதமாகப் போனாலும் பெரிய இழப்பில்லை. இரண்டாம் நாள் கடைசி வரை இருங்கள்.

திரும்பி வந்ததும் பெல்ட்டில் நிற்கும் அக்காவிடம் இரண்டு பாட்டிலைக் கவிழ்த்து, பொட்டையும் கோட்டையும் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். "கோடு இருக்கிறதை நான் எப்பவும் தனியாத்தான் போடுறேன் தம்பி, அமுக்கினா சத்தமே வேற மாதிரி இருக்கும்" என்றார். மூலையிலிருந்த ஒரு சாக்கைக் காட்டினார். நிரம்பியிருந்தது. நான் அதை வாரம்தோறும் கழிவு என்று நினைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடச் சந்திப்புக்கு எங்கள் கூடத்திலிருந்து இரண்டு பேர் பெயரைக் கொடுக்கப் போகிறேன், முதல் பெயர் அவருடையது.